தீபம் ஏற்றியாயிற்றா? - பிளாக்செயினும் வாடகைக் கணுவும்

கார்த்திகை தீபத்தன்று மாலை திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறீர்களா? ஆறு மணி நெருங்கும்போது ஊரே மலையுச்சியை நோக்கித் தலை நிமிர்ந்து நிற்கும். 2,668 அடி உயரத்தில், கொப்பரையில் சுடர் எழுந்ததைக் கண்ட பிறகுதான் வீடுகளில் விளக்கேற்றுவார்கள். அது இவ்வூர் வழக்கம்.

ஆனால் எல்லா வீடுகளிலிருந்தும் மலை தெரிவதில்லை. நான் குடியிருக்கும் தெருவில் எதிர் வரிசை முழுவதும் மாடிகள் எழும்பிவிட்டன. எங்கள் வாசலில் நின்றால் வானம் மட்டுமே தெரியும். ஆகவே என் தாயார் அகல்களில் எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு, எதிர் வீட்டு மாடியில் நிற்கும் அம்மாளைப் பார்த்து, "தீபம் ஏத்தியாச்சா அக்கா?" என்று கேட்பார். "ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு!" என்று பதில் வந்ததும் எங்கள் வீட்டிலும் விளக்கு எரியும்.

என் தாயார் தீபத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர் சொன்னதை நம்பினார். இரண்டும் ஒன்றா? இந்தச் சிறிய கேள்விதான், பிளாக்செயின் என்னும் இன்றைய தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் பெரிய கேள்வி. அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஏடு ஒன்று, படிகள் பல

பிளாக்செயின் என்ற சொல்லைக் 'கட்டச் சங்கிலி' என்று தமிழில் சொல்லலாம். அது ஒரு கணக்கேடு, அவ்வளவுதான். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எந்தச் சான்றிதழ் எந்த நாளில் வழங்கப்பட்டது என்பன போன்ற பதிவுகள் அதில் வரிசையாக எழுதப்படுகின்றன. பதிவுகள் பல சேர்ந்தது ஒரு கட்டம். ஒரு கட்டத்தின் பின் அடுத்த கட்டம் எனச் சங்கிலிபோல் அவை நீண்டுகொண்டே போகின்றன.

சாதாரணக் கணக்கேடு ஒருவர் கையில் இருக்கும். வங்கியின் ஏடு வங்கியிடம், பள்ளியின் ஏடு பள்ளியிடம். பிளாக்செயினின் ஏடு அப்படியன்று. அதன் முழுப் படி ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே சமயத்தில் இருக்கிறது. முதலில் தோன்றிய பிட்காயின் சங்கிலியின் முதற் கட்டம் 2009 ஜனவரி 3 ஆம் நாளைக் குறிப்பது. ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒன்று என அன்று முதல் அதில் கட்டங்கள் சேர்ந்து வருகின்றன. 2015 ஜூலை 30 அன்று தொடங்கிய எதீரியம் சங்கிலியிலோ 12 விநாடிகளுக்கு ஒரு கட்டம்.

ஏட்டில் பழைய வரி ஒன்றை யாராவது திருத்திவிட்டால்? அதைக் கண்டுபிடிக்கும் வழி சங்கிலியின் அமைப்பிலேயே இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

காகிதத்தில் ஒரு சங்கிலி

மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்வோம்: 25, 40, 20. விதி இதுதான். பதிவுடன் முந்திய கட்டத்தின் முத்திரை எண்ணைக் கூட்டுங்கள். வந்ததை வர்க்கப்படுத்துங்கள். அதை 97 ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதிதான் இந்தக் கட்டத்தின் முத்திரை எண். முதற் கட்டத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லையாதலால் அங்கே கூட்ட வேண்டியது 0.

முதற் கட்டம்: 25 இன் வர்க்கம் 625, 97 ஆல் வகுத்தால் மீதி 43. இரண்டாம் கட்டம்: 40 உடன் 43 ஐக் கூட்டினால் 83, அதன் வர்க்கம் 6,889, மீதி 2. மூன்றாம் கட்டம்: 20 உடன் 2 சேர்ந்து 22, வர்க்கம் 484, மீதி 96. ஆக, முத்திரைகள் 43, 2, 96.

இப்போது ஒருவர் முதற் பதிவில் 25 ஐ அழித்து 26 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் கணக்கிட்டால் முத்திரைகள் 94, 11, 88 என்று வரும். ஒரே ஓர் எண்ணை ஒன்று கூட்டியதில் மூன்று முத்திரைகளும் மாறிவிட்டன அல்லவா? கடைசி முத்திரையை மட்டும் நினைவில் வைத்திருப்பவரும், "எங்கோ கை வைத்திருக்கிறார்கள்" என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆனால் நம் விளையாட்டு முத்திரையில் ஓட்டை உண்டு. 25 க்குப் பதிலாக 72 என்று எழுதிப் பாருங்கள். 72 இன் வர்க்கம் 5,184. மீதி அதே 43! திருட்டு வெளியே தெரியாது. நமக்குக் கிடைக்கக்கூடிய மீதிகள் 0 முதல் 96 வரை மட்டுமே என்பதால் இத்தகைய மோதல்கள் எளிதில் நேர்கின்றன. பிட்காயினில் பயன்படும் 'ஷா-256' என்னும் முறையில் வரக்கூடிய முத்திரைகளின் எண்ணிக்கை 2 இன் 256 ஆம் அடுக்கு. எழுதினால் 78 இலக்கங்கள் வரும். ஒரே முத்திரை தரும் இரண்டு பதிவுகளை இன்றுவரை யாரும் கண்டுபிடித்துக் காட்டியதில்லை. இத்தகைய முத்திரையைக் கணினித் துறையில் 'ஹாஷ்' என்கிறார்கள்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம்: "ஐயா, திருடன் முதல் வரியையும் மாற்றி, பின்வரும் எல்லா முத்திரைகளையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிட்டால்?" நல்ல கேள்வி. அதனால்தான் ஏட்டின் படிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தன்னிடமுள்ள படியை அவர் மாற்றலாம். மற்றவர்களின் படிகள் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். மேலும், பிட்காயினில் ஒரு கட்டத்தைச் சேர்க்கவே பெருமளவு கணிப்பு வேலையும் மின்சாரமும் தேவை. எதீரியத்தில் 2022 செப்டம்பர் 15 முதல் அந்த மின்செலவு இல்லை. மாறாக, கட்டங்களைச் சரிபார்ப்பவர்கள் பணத்தைப் பிணையாகக் கட்டுகிறார்கள். குறிப்பிட்ட சில மோசடிகளில் பிடிபட்டால் பிணை பறிபோகும்.

கணு: ஓயாத காவற்காரன்

ஏட்டின் படியை வைத்துக்கொண்டு, புதிதாக வரும் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் கணினிக்குக் 'கணு' என்று பெயர். ஒலியியல் படித்தவர்கள் சற்றே கவனிக்க வேண்டும். நிலை அலையில் கணு என்பது அசையாமல் நிற்கும் புள்ளி. வலைப்பின்னலில் கணு என்பது ஓயாமல் இயங்கும் கணினி. பெயர் ஒன்று, குணம் நேர்மாறு!

கணு வைத்திருப்பவர்தான் மலை தெரியும் மாடியைச் சொந்தமாக வைத்திருப்பவர். அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, தாமே பார்த்துக்கொள்ளலாம். அப்படியானால் எல்லோரும் ஆளுக்கொரு கணு வைத்துக்கொள்ளலாமே? செலவைப் பார்ப்போம்.

பிட்காயின் ஏட்டின் முழு அளவு 600 ஜிகாபைட்டைக் கடந்துவிட்டது. ஒரு கட்டம் சராசரியாக ஒன்றரை மெகாபைட் என்று கொண்டால், நாளொன்றுக்கு 144 கட்டங்கள் வீதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 79 ஜிகாபைட் கூடிக்கொண்டே போகும். எதீரியம் கணு வைக்க விரும்புவோருக்கு 2 டெராபைட் கொள்ளளவுள்ள வேகமான சேமிப்பகத்தைப் பரிந்துரைக்கிறார்கள். இணையம் இரவு பகல் விடாது இருக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டால் கணு தூங்கிவிடும். விழித்ததும் விட்டுப்போன கட்டங்களையெல்லாம் வாங்கிச் சரிபார்த்து முடித்த பிறகே அது பயன்படும். போதாததற்கு, மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஒரு கைப்பேசிச் செயலியை எழுதும் மாணவர் இவ்வளவையும் சுமப்பது எளிதா? அதுவும் ஐந்தாறு சங்கிலிகளுடன் தொடர்பு வேண்டுமென்றால்?

இந்த இடத்தில்தான் வாடகைக் கணு வருகிறது.

சன்னல் வழியே கேள்வி பதில்

இன்ஃப்யூரா, ஆல்கெமி, குயிக்நோட் போன்ற நிறுவனங்கள் பல சங்கிலிகளுக்கான கணுக்களைத் தம் கணினி மையங்களில் ஓட்டி வருகின்றன. நாம் அவற்றிடம் இணையம் வழியாகக் கேள்வி கேட்கலாம், பதில் வரும். கேள்வி எந்த வடிவில் இருக்க வேண்டும், பதில் எந்த வடிவில் வரும் என்ற ஒப்பந்தத்துக்கே 'ஏ.பி.ஐ.' என்று பெயர். ரயில் நிலையத்து முன்பதிவுச் சன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் குறித்த இடத்தில் குறித்த விவரத்தை எழுதி நீட்டினால் சீட்டு வருகிறது. உள்ளே கணினி எப்படி வேலை செய்கிறதென்று நாம் அறிய வேண்டியதில்லை. படிவத்தைத் தவறாக நிரப்பினால் திரும்பி வரும்.

எதீரியத்துக்குரிய படிவத்தின் பெயர் 'ஜேசன்-ஆர்.பி.சி.' அதில் கேட்கத்தக்க கேள்விகளில் நான்கு வகைகளை மட்டும் அறிந்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஒன்று, "கடைசிக் கட்டத்தின் எண் என்ன?" இரண்டு, "இந்த முகவரியில் இருப்பு எவ்வளவு?" மூன்று, "சங்கிலியில் எழுதி வைத்திருக்கும் இந்த நிரலை இயக்கிப் பார்த்தால் என்ன விடை வருகிறது?" நான்கு, "இதோ நான் கையொப்பமிட்ட பதிவு. இதைச் சங்கிலியில் சேர்க்க அனுப்பு." முதல் மூன்றும் பார்க்கும் கேள்விகள், அவற்றால் ஏட்டில் எதுவும் மாறாது. நான்காவது மட்டுமே எழுதும் வேலை.

பதில்கள் பதினாறடிமான எண்களில் வரும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. 120 என்று பதில் வந்தால் அது நம் நூற்றிருபது அன்று. 1 ஐ 256 ஆலும் 2 ஐ 16 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும், விடை 288. இதைக் குறிக்கவே பதிலின் முன்னால் ஒரு பூஜ்ஜியத்தையும் 'எக்ஸ்' எழுத்தையும் சேர்த்து அனுப்புகிறார்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது நிறுவனம் நமக்கு நீண்ட எழுத்துக்கோவை ஒன்றைத் தருகிறது. இதற்கு 'ஏ.பி.ஐ. சாவி' என்று பெயர். உண்மையில் இது சாவியன்று. ரேஷன் அட்டை எண் போன்றது. யார் எத்தனை முறை கேட்டார் என்று கணக்கு வைக்க அது உதவுகிறது. குறிப்பிட்ட அளவு வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்பதே பெரும்பாலும் நடைமுறை. விநாடிக்கு இத்தனை கேள்விதான் என்ற வரம்பும் உண்டு; மீறினால் சற்றுப் பொறுக்கச் சொல்லிப் பதில் வரும். அட்டை எண்ணைப் பிறர் தெரிந்துகொண்டால் நம் பங்கை அவர் வாங்கிச் செல்லலாம். ஆகவே அதை நிரலில் அப்படியே எழுதிப் பொதுவெளியில் போட்டுவிடக் கூடாது.

மாடி வீட்டுக்காரரால் முடியாதவை

"நம் பணத்தையும் பதிவுகளையும் யாரோ ஒருவரின் கணுவழியாக அனுப்புகிறோமே, அவர் மாற்றி எழுதிவிட்டால்?" என்ற அச்சம் எழுவது இயற்கை. இதில் அஞ்ச வேண்டியதும் உண்டு, அஞ்ச வேண்டாததும் உண்டு. பிரித்துப் பார்ப்போம்.

ஒவ்வொருவருக்கும் 'அந்தரங்கச் சாவி' என்னும் மிகப் பெரிய இரகசிய எண் ஒன்று உண்டு. பதிவைக் கணித முறையில் கையொப்பமிடுவது இந்த எண்ணால்தான். கையொப்பம் நம் கைப்பேசியிலோ கணினியிலோ நிகழ்கிறது. முடிந்த பதிவு மட்டுமே வாடகைக் கணுவுக்குப் போகிறது. சாவி நம் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. கையொப்பம் சரிதானா என்று யாரும் சோதிக்கலாம்; ஆனால் சாவி இல்லாமல் அதை உருவாக்க இயலாது. தொகையில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாமல் போகும். மற்ற கணுக்கள் அந்தப் பதிவை ஏற்க மாட்டா.

ஆகவே வாடகைக் கணுவால் நம் கையொப்பத்தைப் போட இயலாது. நாம் கையொப்பமிட்டதைத் திருத்தவும் இயலாது. ஏ.பி.ஐ. சாவி வேறு, அந்தரங்கச் சாவி வேறு என்பதை மாணவர்கள் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். முன்னது தொலைந்தால் புதிது வாங்கலாம். பின்னது தொலைந்தால் போனது போனதுதான். அதை எந்த நிறுவனம் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

அவரால் முடிபவை

ஆனால் மாடி வீட்டுக்காரர் உறங்கிவிடலாம். தவறான திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். கேட்டவர் யாரென்று குறித்து வைக்கலாம். "உனக்குச் சொல்ல மாட்டேன்" என்று மறுக்கவும் செய்யலாம். இவையெல்லாம் கற்பனையன்று, நடந்தவை.

2020 நவம்பர் 11 அன்று இன்ஃப்யூரா கணுக்கள் சில மணி நேரம் பிசகிப்போயின. எதீரியம் கணுக்களில் பெரும்பாலானவை அப்போது 'கெத்' என்னும் மென்பொருளில் ஓடின. அதன் பழைய பதிப்பில் பிழை ஒன்று இருந்து, புதிய பதிப்பில் திருத்தப்பட்டிருந்தது. இன்ஃப்யூராவின் கணுக்கள் சில பழைய பதிப்பிலேயே இருந்தன. அன்று வந்த ஒரு பதிவு அந்தப் பிழையைத் தட்டி எழுப்பியது. பழைய கணுக்கள் ஒரு கிளையிலும், புதியவை வேறு கிளையிலுமாகப் பிரிந்தன. இன்ஃப்யூராவை நம்பியிருந்த 'மெட்டாமாஸ்க்' போன்ற செயலிகள் தடுமாறின; பெரிய பரிவர்த்தனை நிலையங்கள் சில எதீரியத்தை எடுக்கும் வசதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தன. சங்கிலி தன் போக்கில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தீபம் மலைமேல் எரிந்துகொண்டிருந்தது. மாடியில் நின்றவருக்குத்தான் தெரியவில்லை. ஒரு தெருவே ஒரு மாடியை நம்பியிருந்ததால் தெரு முழுவதும் இருண்டது.

2022 மார்ச்சில் நடந்தது வேறு விதம். அமெரிக்கத் தடை விதிகளுக்காக நிறுவனத்தார் செய்த ஓர் அமைப்பு, நோக்கத்தை மீறி விரிந்துவிட்டது. வெனிசுலா நாட்டுப் பயனாளர்கள் சிலர் தம் செயலி வழியே சங்கிலியை அணுக முடியாமல் போயிற்று. தவறு பின்னர் சரிசெய்யப்பட்டது. ஆனால் "யாருக்கும் சொந்தமில்லாத ஏடு" என்று எண்ணியிருந்தவர்களுக்கு, ஏட்டுக்குப் போகும் வாசலுக்குச் சொந்தக்காரர் உண்டு என்பது அன்று தெரிந்தது.

சொன்னால் போதாது, சான்று வேண்டும்

அப்படியானால் வழி என்ன? சொந்த மாடி கட்டுவது ஒன்று. மூன்று மாடிகளில் கேட்டு ஒப்பிடுவது மற்றொன்று. ஆனால் அந்த மூவரும் நான்காமவர் ஒருவரைக் கேட்டுச் சொல்பவர்களாக இருந்துவிட்டால் பயனில்லை. தனித்தனியே பார்ப்பவர்களாக இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரே பழுதான அளவுகோலால் பத்து முறை அளந்தால் பிழை குறையாது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். இதுவும் அதுவே.

மூன்றாவது வழி மிக அழகானது. பதிலோடு சான்றையும் கேட்பது. ரால்ஃப் மெர்க்கல் என்னும் அமெரிக்க அறிஞர் 1979 இல் வகுத்த முறை இதற்கு அடிப்படை.

கிராமத்துக் கபடிப் போட்டியின் நாக்-அவுட் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு அணிகள் இரண்டிரண்டாக மோதும். நான்காகும், இரண்டாகும், இறுதியில் ஒன்று மிஞ்சும். மெர்க்கல் மரத்திலும் பதிவுகள் இரண்டிரண்டாகச் சேர்கின்றன. ஆனால் இங்கே ஒன்று தோற்று வெளியேறுவதில்லை. இரண்டின் முத்திரைகளையும் சேர்த்து ஒரு புதிய முத்திரை பிறக்கிறது. அப்படியே மேலே மேலே போய் உச்சியில் ஒரே முத்திரை நிற்கும்.

ஒரு கட்டத்தில் 4,096 பதிவுகள் என்று கொள்வோம். 4,096 என்பது 2 இன் 12 ஆம் அடுக்கு. ஆகவே 12 சுற்றுகள். என் பதிவு அதில் உண்டு என்று காட்ட 4,096 பதிவுகளையும் அனுப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் என்னோடு இணைந்த முத்திரை எது என்று 12 முத்திரைகளைத் தந்தால் போதும். ஒன்றுக்கு 32 பைட் வீதம் 384 பைட்டுகள்! அவற்றைக் கொண்டு உச்சி முத்திரையை நானே கணக்கிட்டு, கட்டத்தின் தலைப்பில் உள்ள உச்சி முத்திரையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பிட்காயின் கட்டத்தின் தலைப்பு 80 பைட் மட்டுமே. ஆண்டு முழுவதற்குமான தலைப்புகளையும் சேர்த்தால் 80 ஐ 144 ஆலும் 365 ஆலும் பெருக்க வேண்டும். விடை 42,04,800 பைட். ஒரு திரைப்படப் பாட்டின் அளவுதான். எளிய கைப்பேசியும் இதைச் சுமக்கும். இப்படித் தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, சான்றைக் கேட்டு வாங்கிச் சோதிக்கும் மென்பொருளை 'இலகு கணு' எனலாம்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. "உண்டு" என்பதற்கு இவ்வாறு சான்று தரலாம். "இல்லை" என்பதற்கு? பிட்காயினின் மரத்தில் அது எளிதன்று. எதீரியத்தின் மரம், ஒவ்வொரு முகவரிக்கும் கிளையில் குறித்த இடம் உண்டென்னும் வகையில் அமைந்தது. அந்த இடம் காலியாக இருப்பதைக் காட்டி "இல்லை" என்பதையும் நிறுவலாம். ஆக, அங்கே மூன்று வகைப் பதில்களைப் பிரித்தறிய முடிகிறது: சான்றோடு வந்த 'உண்டு', சான்றோடு வந்த 'இல்லை', சான்றே இல்லாத வெறும் பேச்சு.

நமக்கு இதனால் என்ன?

"நான் பிட்காயின் வாங்கப் போவதில்லை, எனக்கென்ன?" என்று கேட்கலாம். வாங்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமுமன்று. ஆனால் பிளாக்செயின் நம் வாசலுக்கு வேறு வழியாக வந்துவிட்டது.

தமிழ்நாடு அரசு 2020 இல் தனக்கென ஒரு பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகள் பொதுவில் பயன்படுத்தும் அடித்தளச் சங்கிலிக்கு 'நம்பிக்கை இணையம்' என்று பெயர். மைய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 செப்டம்பர் 4 அன்று 'விஷ்வஸ்யா' என்னும் அமைப்பைத் தொடங்கி வைத்தது. புவனேசுவரம், புனே, ஐதராபாத் ஆகிய மூன்று ஊர்களின் தேசியத் தகவலியல் மையக் கணினிகளில் அது ஓடுகிறது. துறைகள் சொந்தக் கணு வைக்காமலே சேவையாகப் பெறலாம். அதாவது, அரசே கட்டிய வாடகை மாடி!

மகாராட்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில், பழங்குடியினர் மிகுந்த எட்டாபள்ளி வட்டாரத்தில், ஏறத்தாழ 65,000 சாதிச் சான்றிதழ்களைப் 'பாலிகான்' என்னும் பொதுச் சங்கிலியின் துணையுடன் வழங்கும் திட்டம் 2022 இல் அறிவிக்கப்பட்டது. சங்கிலியில் ஏறுவது சான்றிதழின் முத்திரை. சரிபார்ப்பவர் தாளில் உள்ள சதுரக் குறியைக் கைப்பேசியால் படித்து, முத்திரை பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

இப்போது என் மாணவர்களை எண்ணிப் பார்க்கிறேன். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து பேருந்து ஏறி வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு, ஒரு சாதிச் சான்றிதழ்தான் கல்லூரி இடமும் உதவித்தொகையும். நாளை அத்தகைய ஒரு பிள்ளை சேர்க்கைச் சன்னலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தர் கைப்பேசியில் குறியைப் படிக்கிறார். திரையில் "பதிவு காணப்படவில்லை" என்று வருகிறது. இதற்கு என்ன பொருள்? சான்றிதழ் பொய்யா? அல்லது வாடகைக் கணு அன்று தூங்கிவிட்டதா? கேள்வி வரம்பைத் தாண்டிவிட்டதா? நான்கைந்து கட்டங்கள் பின்தங்கி நிற்கிறதா?

"இல்லை என்று பதில்" என்பதும் "பதில் இல்லை" என்பதும் வேறு வேறு. நிரல் எழுதுபவர் இவ்விரண்டையும் ஒரே சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டால், பழுது கணினியுடையது, தண்டனை பிள்ளைக்கு. சங்கிலியைக் குறை சொல்லிப் பயனில்லை. சங்கிலி சரியாகவே இருக்கும்.

இது வீண் அச்சமன்று. வணிகக் குறுஞ்செய்திகளை முறைப்படுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 இல் விதி வகுத்தது. செய்தி அனுப்பும் நிறுவனங்கள் தம் பெயரையும் செய்தியின் மாதிரியையும் பகிர்ந்த ஏட்டில் பதிய வேண்டும். பொருந்தாத செய்தி தடுக்கப்படும். 2021 மார்ச் 8 அன்று தொலைபேசி நிறுவனங்கள் அதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தின. மாதிரிகளைச் சரிவரப் பதியாத நிறுவனங்களின் செய்திகள் நின்றன. வங்கிகளின் ஒரு முறைக் கடவு எண்களும் வராமல் மக்கள் திண்டாடினர். மறுநாள் ஆணையம் அதை ஏழு நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. ஏடு சொன்னது சரியே; ஏட்டில் இல்லை என்பதால் உண்மையான செய்தியும் பொய்யாகிவிட்டது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சங்கிலி காப்பது எழுதியதை. எழுதியது உண்மைதானா என்பதை அது அறியாது. தொடக்கத்தில் தவறான பெயரைப் பதிந்தால், அந்தத் தவறும் அழியாமல் காக்கப்படும்.

நீங்கள் நிரல் எழுதினால்

இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. வாடகைக் கணுவைப் பயன்படுத்துங்கள்; அதில் குறையில்லை. கற்பதற்கு அதைவிட எளிய வழியும் இல்லை. ஆனால் ஒன்றுக்கு இரண்டாகத் தனித்தனி நிறுவனங்களின் கணுக்களை வைத்துக்கொள்ளுங்கள். பதிலோடு கடைசிக் கட்ட எண்ணையும் கேட்டு, இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்களா என்று பாருங்கள். முக்கியமான முடிவுக்குச் சான்றைக் கேளுங்கள். பதில் கிடைக்காதபோது "இப்போது சொல்ல இயலவில்லை, சற்றுப் பொறுத்துக் கேட்கவும்" என்று திரையில் எழுதுங்கள். "இல்லை" என்று எழுதாதீர்கள்.

சென்ற தீபத்தன்று எதிர் மாடியில் யாரும் இல்லை. ஊருக்குப் போயிருந்தார்கள். என் தாயார் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. "இன்னிக்குத் தீபம் இல்லைபோல" என்று அவர் விளக்கை உள்ளே எடுத்து வைத்துவிடவில்லை. தெருக்கோடிக்கு நடந்து போய், தாமே பார்த்துவிட்டு வந்து ஏற்றினார்.